மூட்டு வலியா? கூடாரத்துக்கு வாங்க!

“இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி இந்த வேலை? விழுந்து கிழுந்து வச்சா யாரு பாக்கறது?”

2024-ம் வருஷம் பொங்கல் முடிந்த கையோடு, நானும் என் மனைவியும் தோளில் ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு நாகலாபுரம் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, டீக்கடை வாசலில் இருந்து வந்த கேள்வி இது. எனக்கு 67 வயது. பள்ளிக்கூட வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். 14 வருஷமாக ஷுகர். மனைவிக்கு 62 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். போகப் போகிற இடமோ ஆந்திராவில், கடப்பா மாவட்டத்தில் இருக்கும் கண்டிகோட்டா பள்ளத்தாக்கு. பகலெல்லாம் நடை, ராத்திரி கூடாரத்தில் படுக்கை!

கேட்டவர் நல்ல மனுஷர். அக்கறையில்தான் கேட்டார். சென்னையில் இருக்கும் எங்கள் மகனும் இதே கேள்வியைத்தான் போனில் கேட்டான். “அப்பா, பேசாம வீட்டுல இருங்கப்பா. டி.வி. இருக்கு, பேப்பர் இருக்கு. அம்மாவுக்கு வேற முட்டி வலி...”

இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஓய்வு பெற்ற அப்பா, அம்மா இருந்தால், நீங்களும் இதைத்தானே சொல்லியிருப்பீர்கள்? அல்லது நீங்களே ஓய்வு பெற்றவராக இருந்தால், இதைக் கேட்டுவிட்டு ஈஸி சேரில் சாய்ந்திருப்பீர்கள் இல்லையா?

அது தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஓய்வே நோயான கதை

முதலில் என் மனைவியின் முழங்கால் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உங்கள் வீட்டிலும் இது நடந்துகொண்டிருக்கலாம்.

அவளுக்கு முட்டி வலி ஆரம்பித்தபோது 57 வயது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தேய்மானம் என்றார்கள். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் டாக்டர் ஆனார்கள். ‘படி ஏறாதே’, ‘நடந்தா இன்னும் தேஞ்சு போகும்’, ‘காலை நீட்டி உக்காந்திரு’. அவளும் உட்கார்ந்தாள். கடைக்கு நான் போனேன். கோயிலுக்கு ஆட்டோவில் போனாள். ஒரு வருஷத்தில் 6 கிலோ எடை கூடியது. தொடை மெலிந்தது. வலி குறைந்ததா? கூடியது! கடைசியில் கட்டிலில் இருந்து எழுந்திருக்க என் கையைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட்தான் விஷயத்தைப் புரிய வைத்தார். முழங்கால் மூட்டு என்பது வண்டியின் அச்சாணி மாதிரி ஓட ஓடத் தேய்ந்துகொண்டே போகும் இரும்பு அல்ல. அதைச் சுற்றி உயிருள்ள தசை இருக்கிறது. நாம் காலை ஊன்றும்போது விழுகிற அதிர்ச்சியில் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்வது தொடையின் முன்பக்கத் தசைதான். அது பலமாக இருந்தால் மூட்டுக்குச் சுமை குறையும். உட்கார்ந்தே இருந்தால் தசை சுருங்கும். தசை சுருங்கினால் மூட்டு தனியாகச் சுமக்கும். வலிக்கும். வலிக்கிறதே என்று மறுபடி உட்காருவோம். செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடம்! மேலும், மூட்டின் குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டை மடக்கி நீட்டும்போது உள்ளே இருக்கும் திரவம் அமுங்கி விரிவதால்தான் அதற்குச் சத்தே போய்ச் சேருகிறது.

அதனால்தான் இன்றைக்கு மூட்டுத் தேய்மானத்துக்கு உலகம் முழுக்க டாக்டர்கள் முதலில் சொல்லும் வைத்தியம் உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும். மாத்திரை அதற்கு அப்புறம்தான். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சலுகை எதுவும் தரவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு. இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி. அதோடு, வாரம் மூன்று நாள் விழாமல் இருக்க உதவும் சமநிலைப் பயிற்சி. இந்த மூன்றாவது சமாசாரம் வயதானவர்களுக்கென்றே முக்கியமாகச் சொல்லப்பட்டது. “விழுந்துருவீங்க, நடக்காதீங்க” என்று வீட்டில் சொல்கிறார்களே... நடக்காமல் இருப்பவர்தான் சீக்கிரம் விழுவார்!

கரிசல் காட்டில் ஒத்திகை

எங்கள் பயணம் கண்டிகோட்டாவில் ஆரம்பிக்கவில்லை. எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் ஆரம்பித்தது. முதல் நாள் 10 நிமிஷம். அவ்வளவுதான். வாரத்துக்கு வாரம் இரண்டு, மூன்று நிமிஷம் கூட்டினோம். வேகம் எவ்வளவு என்று கேட்பீர்கள். அதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம்.

வீட்டுக்குள் மூன்று பயிற்சி. கை வைக்காமல் நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவது, 10 தடவை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது. அதே மேடையைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. குழம்பு கொதிக்கிற நேரத்தில் இதையெல்லாம் முடித்துவிடலாம். நானும் அவளோடு அடுப்படியில் நின்று செய்தேன். 38 வருஷத்தில் நான் அந்த அறையில் அதிக நேரம் நின்றது அப்போதுதான்!

ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் மண் நடக்க விடாது. மழை பெய்தால் செருப்போடு அரைக் கிலோ மண் ஒட்டிக்கொண்டு வரும். அந்த இரண்டு மாசமும் வீட்டு வராண்டாவிலேயே மேலும் கீழும் நடந்தோம். தை பிறந்து தரை இறுகியதும் மறுபடி கண்மாய்க் கரை.

ஆறு மாசம் கழித்து கோவில்பட்டி போய், பஸ் மாறி, கழுகுமலைக்குப் போனோம். நமக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு மலையை வைத்துக்கொண்டு, நிறையப் பேர் கீழே முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். மேலே எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில் இருக்கிறது. மலைப்பாறையை மேலிருந்து கீழாக வெட்டிச் செதுக்கி, முடிக்காமலேயே விட்டுவிட்டுப் போன கோயில். பக்கத்துப் பாறையில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள். அவர்களுக்கு அடியில் வட்டெழுத்து.

முதல் தடவை பாதி தூரத்திலேயே மனைவி உட்கார்ந்துவிட்டாள். “இதுக்கு மேல வேண்டாங்க.” திரும்பிவிட்டோம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் இரண்டு மாசம் கழித்து மறுபடி போனபோது மேலே வரை ஏறினாள். அந்தத் தீர்த்தங்கரர்கள் முன்னால் நின்றுகொண்டு, “இம்புட்டு வருசமும் இத பாக்காமயே இருந்துட்டேனே” என்றாள். அன்றைக்குத்தான் எனக்குக் கண்டிகோட்டா யோசனை வந்தது.

பள்ளத்தாக்கு செய்யும் தந்திரம்

தெலுங்கில் ‘கண்டி’ என்றால் மலை இடுக்கு. ‘கோட்டா’ என்றால் கோட்டை. பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து வரும் பெண்ணாறு, எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் அடுக்கி வைத்தது போலச் செம்பாறைச் சுவர்கள். கீழே ஆறு. விளிம்பில் பெம்மசானி நாயக்கர்கள் ஆண்ட கோட்டை. 1650-ல் கோல்கொண்டாவின் மீர் ஜும்லா அதைப் பிடித்தான். உள்ளே ரங்கநாதர் கோயில், மாதவராயர் கோயில், ஜும்மா மசூதி, தானியக் களஞ்சியம் எல்லாம் ஒரு கூப்பிடு தூரத்தில்.

சென்னை போய், வேறு ரயிலில் கடப்பா, அங்கிருந்து பஸ்ஸில் ஜம்மலமடுகு, பிறகு 15 கிலோமீட்டர் ஆட்டோ. உடம்பை அலட்டிக்கொள்ளாமல், சென்னையில் மகன் வீட்டில் ஒரு நாள் தங்கித்தான் போனோம். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மருமகள்தான் ரகசியமாக மாமியாரின் பையில் ஒரு டார்ச் லைட்டை வைத்தாள்.

பள்ளத்தாக்கை முதலில் பார்த்தபோது இருவருமே பேசவில்லை. கரிசல்காட்டுக்காரர்களுக்கு ஆழம் பழக்கமில்லை. எங்களுக்குப் பூமி என்றால் தட்டை. வானம் தொடும் வரை பருத்தி, மிளகாய், உளுந்து; அதுவும் விட்டால் சீமைக்கருவேலம். இங்கேயோ காலடியில் பூமி பிளந்து கிடக்கிறது. நாங்கள் நின்ற பாறையில் கைப்பிடி எதுவும் இல்லை. நாலு அடி தள்ளியே உட்கார்ந்தோம். செல்ஃபிக்காக விளிம்பில் கால் தொங்கவிடும் பையன்களைப் பார்த்து என் மனைவிக்கு வயிறு கலங்கியது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மலையில் முதலில் ஏறுவீர்கள். முடியவில்லை என்றால் மூச்சு வாங்கும், கால் கெஞ்சும், உடம்பே நிறுத்திவிடும். திரும்பி இறங்கலாம். பள்ளத்தாக்கில் தலைகீழ். முதலில் இறக்கம். காலை நேரம், தெம்பாக இருக்கும், மூச்சு வாங்காது. ‘அட, இவ்வளவுதானா’ என்று இறங்கிக்கொண்டே போவீர்கள். கஷ்டமான பாதி அப்புறம்தான் காத்திருக்கும். களைத்த காலோடு, ஏறிவிட்ட வெயிலில், மேலே ஏற வேண்டும்!

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் கிராண்ட் கேன்யன் இதற்குப் பெயர் போனது. கொலராடோ ஆறு அறுத்த அந்தப் பள்ளம் 446 கிலோமீட்டர் நீளம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அங்கே பூங்கா நிர்வாகம் விடாமல் எச்சரிக்கிற விஷயம் ஒன்று: ஒரே நாளில் ஆறு வரை இறங்கித் திரும்பி ஏற முயற்சி செய்யாதீர்கள். இளவட்டங்களுக்கே அந்த எச்சரிக்கை. கண்டிகோட்டா அதோடு ஒப்பிட்டால் சின்னப் பள்ளம்தான். ஆனால் 67 வயதுக் காலுக்கு அது சின்னது இல்லை என்பதை நான் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன்.

வாத்தியார் தோற்ற இடம்

காலை எட்டரை மணி. பாறைகளுக்கு நடுவே ஒற்றையடித் தடம் மாதிரி கீழே போனது. “கொஞ்ச தூரம் இறங்கிப் பாத்துட்டு வருவமா?” என்றேன். மனைவி தடத்தைப் பார்த்தாள். தன் முட்டியைப் பார்த்தாள். “நான் இங்கனயே உக்காந்திருக்கேன். நீங்களும் போகாண்டாம். போனாலும் அந்த வளைவோட திரும்பிருங்க.”

சரி என்றுதான் இறங்கினேன். ஆனால் வளைவு வந்ததும் அடுத்த வளைவு தெரிந்தது. பிறகு இன்னொன்று. இறக்கம்தானே! இருபது நிமிஷம் கழித்து நின்று திரும்பிப் பார்த்தபோது, மேலே பாறையில் அவளுடைய பச்சைச் சேலை ஒரு பொட்டு மாதிரி தெரிந்தது.

ஏற ஆரம்பித்தேன். பாதியில் கால் நடுங்கியது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அதனால் மூச்சு வாங்காமலேயே அது களைத்துப் போகும். நடுக்கம் அதனால்தான் என்று நினைத்தேன். அப்புறம் நெற்றியில் குளிர்ந்த வியர்வை. நெஞ்சு படபடப்பு. கண் முன்னால் பாறைகள் ஆடின. யாரோ ஒரு பையன் “தாத்தா, பாகுன்னாரா?” என்று தெலுங்கில் நலம் கேட்டான். பதில் சொல்ல நாக்கு புரளவில்லை. அவன்தான் கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டான்.

மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. பையில் இருந்து குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்து, மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கலந்து குடிக்க வைத்தாள். ஷுகர் பார்க்கும் சின்ன மெஷினில் விரலைக் குத்தினாள். 61! எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. 15 நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தாள். 94. அதன் பிறகுதான் கோவில்பட்டிக் கடலை மிட்டாயைக் கையில் கொடுத்தாள்.

என்ன நடந்தது? தப்பு முழுக்க என்னுடையது. காலையில் ஷுகர் மாத்திரையை வழக்கமான அளவே போட்டேன். சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்ற பரபரப்பில் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டேன். நான் சாப்பிடும் மாத்திரை, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் ரகம். சாப்பாடு குறைவு, உழைப்பு அதிகம், மாத்திரை மட்டும் அதே அளவு. சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மனைவி முதலில் கடலை மிட்டாயைக் கொடுக்கவில்லை. ஊர்ப் பெருமை எல்லாம் சரி. 2020-ல் புவிசார் குறியீடே வாங்கிய மிட்டாய்தான். ஆனால் நிலக்கடலையில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை ரத்தத்தில் சேர நேரமாகும். மயக்கம் வரும் நேரத்தில் குளுக்கோஸ், சர்க்கரைத் தண்ணீர், பழரசம்தான் உதவும். கொஞ்சம் தெளிந்த பிறகு, மறுபடி சர்க்கரை இறங்காமல் தாங்கிப் பிடிக்கக் கடலை மிட்டாய். ஆள் நினைவிழந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

அன்று மத்தியானம் முழுக்க ஒரு மர நிழலில் உட்கார்ந்திருந்தோம். அவள் சொன்னாள், “மலையில பாதியில திரும்புனேன்னு அன்னைக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டீகளே... திரும்புறதுக்கும் ஒரு தெம்பு வேணும்ங்க.”

முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் நான். அந்த ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

அப்படியானால் மகன் சொன்னதுதான் சரியா?

‘பார்த்தீர்களா, இதற்குத்தான் வேண்டாம் என்றோம்’ என்கிறீர்களா? இல்லை. யோசித்துப் பாருங்கள். எனக்கு ஷுகர் இறங்கியது பள்ளத்தாக்கினால் அல்ல; சாப்பிடாமல் மாத்திரை போட்டதால். அது வீட்டு முற்றத்திலும் நடக்கும். என்னைக் காப்பாற்றியது எது? தன் எல்லை தெரிந்த ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்ததும், அவள் பையில் சரியான பொருள் இருந்ததும். அந்த எல்லையை அவள் தெரிந்துகொண்டதே ஆறு மாசம் நடந்ததால்தான். ஈஸி சேரில் சாய்ந்திருப்பவருக்குத் தன் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று எப்படித் தெரியும்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் எழுபது வயதிலும் வெயிலில் குனிந்து மிளகாய்ப் பழம் பறிக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து ‘நடங்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்கு வேண்டியது ஓய்வு. அதற்குக் கையில் கொஞ்சம் காசு. நான் பேசுவது பென்ஷன் வாங்கிக்கொண்டு, வலிக்குப் பயந்து உட்கார்ந்துவிட்ட என் போன்றவர்களிடம்.

அதே போல, சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், நடந்தால் நெஞ்சு பிடிப்பவர்கள், பி.பி. கட்டுக்குள் இல்லாதவர்கள், காலில் ஆறாத புண் உள்ள ஷுகர்காரர்கள், ஷுகரால் கண்ணில் ரத்தக் கசிவு இருப்பவர்கள், இவர்கள் எல்லாம் டாக்டர் சம்மதம் இல்லாமல் கிளம்பவே கூடாது. மற்றவர்களும் ஒரு தடவை டாக்டரைப் பார்த்து, ‘இத்தனை மணி நேரம் நடக்கப் போகிறேன், மாத்திரையைக் குறைக்க வேண்டுமா’ என்று வாய் திறந்து கேளுங்கள். நான் கேட்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

யாரும் பேசாத ஒரு விஷயம்

வரும் வழியில் ஒரு பஸ் நிலையத்தில் நாலு மணி நேரம் காத்திருந்தோம். கழிப்பறை இருந்தது, கால் வைக்கிற நிலையில் இல்லை. மனைவி அந்த நாலு மணி நேரமும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. “குடிச்சா போகணுமே!”

நம் வீட்டுப் பெண்கள் பயணத்துக்குப் பயப்படுவது முட்டி வலியால் மட்டும் அல்ல. இதனால்தான். தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு இருந்தால், சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பு கூடும். வயதானவர்களுக்குத் தாக உணர்வே குறைந்துவிடும், பி.பி.க்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உடம்பு இன்னும் சீக்கிரம் வறண்டு தலை சுற்றும். சுற்றுலாத் தலத்துக்குப் பெரிய பெரிய வளைவு கட்டுகிறார்கள். செலவோடு செலவாக, உட்கார ஒரு பெஞ்ச், பிடித்து ஏற ஒரு கம்பி, தண்ணீர் வருகிற சுத்தமான கழிப்பறை. இதைச் செய்தால் பாதி முதியவர்கள் வீட்டை விட்டு வெளியே வருவார்கள். மலையும் ஆறும் இளைஞர்களுக்கு மட்டும் பட்டா போட்டதா என்ன?

கூடாரத்தில் ஒரு ராத்திரி

சாயங்காலம் வாடகைக் கூடாரத்துக்கு வந்தோம். எனக்கு இருந்த பெரிய பயம் பாம்போ குளிரோ இல்லை. தரையில் படுத்துவிட்டு எப்படி எழுந்திருப்பது என்பதுதான்! இதற்கும் வீட்டிலேயே பழகியிருந்தோம். மல்லாந்த வாக்கில் நேராக எழக்கூடாது. ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி, நாலு காலில் தவழ்கிற மாதிரி வந்து, ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை ஊன்றி எழ வேண்டும். கூடாரக்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் கேட்டு வாங்கினோம். படிக்கிற நீங்கள், கூடாரத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும், இதை இன்றே வீட்டில் பழகுங்கள். தனியாக இருக்கும்போது விழுந்தால் இதுதான் கைகொடுக்கும்.

ராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்தால் உடனே நிற்கக்கூடாது. ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால், பி.பி. சட்டென்று இறங்கித் தலை சுற்றாது. மருமகள் கொடுத்த டார்ச் அப்போதுதான் உதவியது. செருப்பை உதறிவிட்டுத்தான் போட வேண்டும், தேள் இருக்கலாம். கூடாரத்தின் ஜிப்பை முழுக்க மூடியே படுக்க வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கும். கடித்தது வலி தெரியாமலேயே போகலாம்.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. நிறைய நடந்த நாளில், அதற்கப்புறம் ராத்திரியிலும் ஷுகர் இறங்கலாம். அதனால் நன்றாகச் சாப்பிட்டு, படுக்கும் முன் ஒரு தடவை மெஷினில் பார்த்துவிட்டே படுத்தேன்.

விளக்கை அணைத்த பிறகு வெகுநேரம் அவள் தூங்கவில்லை. குளிர்கிறதா என்று கேட்டேன்.

“குளிரெல்லாம் இல்ல. கல்யாணம் ஆகி 38 வருசத்துல, காலையில என்ன சமைக்கன்னு நெனைக்காம இன்னைக்குத்தான் படுத்திருக்கேன். அதான் தூக்கம் வரல.”

வாசகர்களே, நம் வீட்டு ஆண்கள் 58-லோ 60-லோ ரிட்டயர் ஆகிவிடுகிறோம். மாலை போட்டு, வீடு வரை கொண்டுவந்து விடுகிறார்கள். அந்த வீட்டில் இருப்பவளுக்கு எந்த வயதில் ரிட்டயர்மெண்ட்? நாம் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு வேலை கூடத்தானே செய்கிறது? பத்து மணிக்கு ஒரு காப்பி, நாலு மணிக்கு ஒரு காப்பி! என் முழங்கால் வைத்தியம், ஷுகர் கட்டுப்பாடு எல்லாவற்றையும் விட, அவளுக்குக் கிடைத்த அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்...

* செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். இறங்கும்போது நகம் இடிக்காது. புது ஷூவைப் பயணத்தில் போடாதீர்கள். ஷுகர்காரர்கள் ராத்திரி பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள்.

* ஒரு கைத்தடி அவசியம். ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது தடியையும் வலிக்கிற காலையும் முதலில்.

* பை எடை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

* தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல், அவ்வப்போது ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

* காலை 10 மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். கடப்பா பக்கம் கோடையில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கார்த்திகை முதல் மாசி வரைதான் சரி.

* மாத்திரைச் சீட்டு, குளுக்கோஸ், டார்ச், விசில் ஆகியவற்றை இருவர் பையிலும் வையுங்கள். ஒருவர் பையில் மட்டும் இருந்தால், அந்த ஒருவர்தான் கீழே இறங்கிப் போயிருப்பார்!

* பள்ளத்தாக்கில் இறங்கினால், இறங்க ஆன நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏற ஆகும் என்று கணக்கு வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் ‘போதும்’ என்றால் அதுதான் கடைசி வளைவு.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

அப்பா, அம்மா மேல் உங்களுக்கு இருக்கும் பயம் புரிகிறது. தூரத்தில் இருக்கிறீர்கள், ஒன்று என்றால் ஓடி வர முடியாது. ஆனால் பயத்துக்காக அவர்களை உட்கார வைத்தால், நீங்கள் பயந்த அதே நாள் சீக்கிரம் வரும். ‘போகாதீங்க’ என்று சொல்வதற்குப் பதில், ஒரு நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள். பையில் ஒரு டார்ச் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொல்லுங்கள். எங்கள் மகனிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். முதலில் கத்தினான். அடுத்த மாதம் அவனே ஒரு ஜோடி கைத்தடி வாங்கி அனுப்பினான்.

கண்டிகோட்டாதான் போக வேண்டும் என்பது இல்லை. உங்கள் ஊரில் ஒரு கண்மாய்க் கரை இருக்கும். பக்கத்தில் ஒரு குன்று இருக்கும். நாளைக் காலையில் 10 நிமிஷம், இருவருமாகச் சேர்ந்து போய்விட்டு வாருங்கள்.

திரும்பி வந்ததும் அன்றைய காப்பியை நீங்கள் போடுங்கள் சார்!